முழங்காலில் போன சுவர்

அந்த நகரத்தின் கோட்டைச் சுவர் சுற்றளவில் மூன்று மைல். அதில் மேற்கு வாசலை ஒட்டிய நாற்பது அடி மட்டும் ஆட்களால் ஆனது. மற்றதெல்லாம் கல்.

எப்போதோ பெய்த ஒரு மழையில் அந்த நாற்பது அடி விழுந்துவிட்டதாம். திரும்பவும் கல் வைத்துக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள், நிற்கவில்லை. ஆட்களை நிறுத்திப் பார்த்தார்கள், நின்றது. அன்றிலிருந்து ஊரைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் அரைமணி நேரம் அந்த இடத்தில் சுவராக நின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுவரில் ஓட்டை இருந்தால் அது கோட்டை நகரம் ஆகாது. கோட்டை நகரம் ஆகாவிட்டால் அதன் பேராலயத்தைப் பார்க்க யாரும் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள். எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. நம் ஊர்த் திருவிழாவில் தேர்வடத்தை ஒரு கை பிடித்துவிட்டுத்தானே நாமும் வீட்டுக்கு வருகிறோம்.

நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். நான், என் மூத்த மகன் பெர்க்மான்ஸ், கடைசி மகள் ஜெசிந்தா. இரண்டு நாள் ரயில், அப்புறம் ஒரு பஸ். சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. எனக்கு ஒரு நேர்ச்சை இருந்தது.

ஜெசிந்தாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தபின் ஏழு மாதம் பேச்சு வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரைத் தரையில் தட்டுவாள். ஒருநாள் அந்தச் சத்தம் கேட்க முடியாமல் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே நகைக்கடைக் காலண்டர். அந்த வருடம் அதில் பெரிய கோயில் ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார்கள். இரண்டு வெள்ளைக் கோபுரம், சுற்றிலும் மதில். மாதாவே, இவள் பேசிவிட்டால் இந்த மதிலில் தொடங்கிப் பீடம்வரைக்கும் முழங்காலில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். காரைக்கால் பக்கம் எங்கேயாவது இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் நான் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டு நிற்கையில், அடுப்புல மீன் கருகுதும்மா என்று உள்ளேயிருந்து ஜெசிந்தா சொன்னாள்.

எங்கள் பங்குச் சாமியார் காலண்டரை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். இது ரொம்பத் தூரம், நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கத் திருச்சபையில் இடம் இருக்கிறது, நம் கோயில் முற்றத்து மாதா கெபியை மூன்று தடவை முழங்காலில் சுற்றினால் போதும், நானே மாற்றித் தருகிறேன் என்றார். நல்ல மனுஷர். ஆனால் நான் கெபியைப் பார்த்துக் கேட்கவில்லையே. ஒரு வீட்டில் வாங்கிய பாத்திரத்தை இன்னொரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேனா? மூன்று வருடம் சொல்லிச் சொல்லிப் பெர்க்மான்ஸைக் கிளப்பினேன்.

மேற்கு வாசலில் சுவர் மேஸ்திரி ஒருவர் இருந்தார். பெயர் இஞ்ஞாசி. காதில் பென்சில், கையில் தூக்குக்குண்டு, இடுப்பில் ரசமட்டம். வந்தவர்களை உயரம் பார்த்து வரிசையாக நிறுத்தினார். நாற்பது அடியின் இரண்டு முனையிலும் கல்சுவரில் இரும்பு வளையம் அடித்திருந்தது. முனையில் நிற்கிறவர் வளையத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் கை கோத்துக்கொள்ள வேண்டும். முகம் வெளியே பார்த்திருக்க வேண்டும். எந்தச் சுவருக்கும் முகம் வெளியேதான் என்றார்.

பிறகு ரசமட்டத்தை ஒவ்வொருவர் தலையிலும் வைத்துப் பார்த்தார். பெர்க்மான்ஸ் தலையில் வைத்ததும் அதன் கண்ணாடிக் குழாயிலிருந்த குமிழி இடது பக்கம் ஓடிப்போய் நின்றது. ஜெசிந்தா தலையில் ஆடிக்கொண்டே இருந்தது. என் தலையில் வைத்தபோது நடுவில் வந்து உட்கார்ந்தது. மேஸ்திரி குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

"எத்தனை பிள்ளைங்கம்மா?"

நாலு என்றேன்.

"எல்லாம் பெருசாயிட்டாங்களா?"

ஆகிவிட்டார்கள் என்றேன். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

அரைமணி ஆனதும் மணி அடித்தது. நின்றவர்கள் கையை விட்டுவிட்டுப் போனார்கள், அடுத்தவர்கள் வந்து கை கோத்தார்கள். என் கையை மட்டும் இரண்டு பக்கத்திலும் விடவில்லை. எனக்கு இடப்பக்கம் நின்றவள் மரியபுஷ்பம். வலப்பக்கம் சிமியோன், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் நிரந்தரச் சுவர். மரியபுஷ்பம் பதினோரு வருடமாக நிற்கிறாள். பேராலயம் பார்க்கத்தான் வந்தாளாம். பார்த்தாயா என்று கேட்டேன். எங்கக்கா பாக்க, அது முதுகுக்குப் பின்னாலல்லவா இருக்கு என்றாள். சிமியோன் மணிச்சத்தம் காதில் விழுகிற நேரத்தை வைத்துக் கோபுரத்தின் உயரத்தை மனதில் அளந்து வைத்திருந்தார். அவருக்கும் மரியபுஷ்பத்துக்கும் அதில் ஆறடி வித்தியாசம். நடுவில் ஆள் வந்ததில் அவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி.

மேஸ்திரி படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். மழைக்காலத்தில் வருகிறவர்கள் குறைந்துபோவதால் நிலையாக நிற்கச் சிலர் தேவைப்படுகிறார்கள். குமிழி அசையாத ஆள் கிடைப்பது அபூர்வம். சுவரிடம் கையெழுத்து வாங்குவது வழக்கமில்லை என்பதால், வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர் போட்டால் போதும். பெர்க்மான்ஸ் அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தான். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை அவன்.

"மழைக்குக் குடை தர்றாங்கம்மா. ஞாயித்துக்கிழமை பூசையில குடுக்கிற நன்மையை இங்கயே கொண்டாந்து குடுப்பாங்களாம். வீட்லயும் நீங்க நின்னுக்கிட்டேதானே இருக்கீங்க."

அதில் ஒன்றும் பொய் இல்லை. நான் யார் வீட்டில் இருப்பது என்று நாலு பேரும் போனில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். இந்த மாதம் உன் வீடு, அடுத்த மாதம் என் வீடு என்று முடிவதும் தெரியும். இது யார் வீடும் இல்லை. கையெழுத்துப் போட்டான். ஜெசிந்தா பேனாவைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குள் மை காய்ந்துவிட்டது.

எய்யா மேஸ்திரி, நான் கோயிலுக்குப் போகணும், எனக்கு நேர்ச்சை இருக்கு என்றேன். சுவர் போகாதும்மா என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நாய் பறக்காது என்று சொல்கிற மாதிரி சொன்னார். ஆனாலும் மனசு கேட்காமல் பேராலயத்திலிருந்து அங்கே பீட வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையை வரவழைத்தார்.

கோயில்பிள்ளை வெள்ளை வேட்டியில் வந்து, நோட்டைத் திறந்துகொண்டு, என் சார்பில் என் மகன் முழங்காலில் போகலாம் என்றார். பெர்க்மான்ஸ் தனக்கு மூட்டுவலி என்றான். அப்படியானால் பீடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் பின்னால் ஐந்து நிமிடம் வைக்கலாம், போன வருடம் ஒருவருக்காகச் செய்திருக்கிறார்கள். ஆனால் அதைத் தூக்க நாற்பது ஆள் வேண்டும், அந்த நாற்பது பேரும் இப்போது சுவரில் நிற்கிறார்கள். கடைசியாக ஒரு போத்தல் தீர்த்தத்தை எடுத்து, இதை முழங்காலில் தேய்த்துக்கொண்டால் போய்வந்ததாக எழுதிவிடலாம் என்றார்.

"நான் சொன்னது என் முட்டி, தம்பி."

"அது வரும்போது இருந்த முட்டிம்மா. நீங்க இப்ப சுவரு. சுவத்துக்கு ஏது முட்டி?"

"இருக்கா இல்லையான்னு பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு முழங்காலிட்டேன்.

மேஸ்திரி அளவு நாடாவை எடுத்தார். தலையிலிருந்து தரைக்கு அளந்தார். இந்த இடத்தில் சுவர் ஒன்றே கால் அடி குறைந்திருக்கிறது, எதிரி வந்தால் இதன் வழியாகத்தான் ஏறுவான் என்றார். எந்த எதிரி என்று கேட்டேன். பதிவேட்டைப் புரட்டினார். இருநூறு வருடமாக யாரும் இல்லை. ஒருவர் விண்ணப்பம் போட்டிருக்கிறார், பரிசீலனையில் இருக்கிறது.

"எந்திரிங்கம்மா. சுவரு ஒரே ஒசரமா இருக்கணும். விதி."

"அப்ப அவங்களையும் முட்டி போடச் சொல்லுங்க."

விதிப் புத்தகத்தை எடுத்து வாசித்தார். ஒரே உயரம் என்றுதான் இருந்தது, எந்த உயரம் என்று இல்லை. ரசமட்டத்தைத் துணியால் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு விசில் ஊதினார். வரிசை முழுவதும் முழங்காலிட்டது. பதினோரு வருசத்துக்கப்புறம் உக்காந்த மாதிரி இருக்குக்கா என்றாள் மரியபுஷ்பம்.

நான் ஒரு முழங்காலைப் பின்னால் எடுத்து வைத்தேன். அப்புறம் அடுத்ததை. முகம் வெளியே பார்த்துத்தான் இருந்தது, அதில் நான் தப்புச் செய்யவில்லை. சுவரில் இடைவெளி விழக் கூடாது என்று விதி இருந்தது. சுவர் இடம் மாறக் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஆனால் இரண்டு கையும் இழுபட்டு நின்றன. மரியபுஷ்பம் விரல்கள் வியர்த்திருந்தன. அவள் விட்டிருந்தால் அந்த இடத்திலேயே ஓட்டை விழுந்திருக்கும், குற்றம் என் பெயரில் ஆகியிருக்கும், கோயில்பிள்ளை நோட்டில் எழுதியிருப்பார். அவள் விடவில்லை.

"வரட்டுமாக்கா?"

வா என்றேன். வந்தாள். சிமியோனும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு முழங்காலைப் பின்னால் எடுத்து வைத்தார்.

முனையில் நின்றவர்கள் வளையத்தை விடாமல் பிடித்திருந்தார்கள். நடுவில் நாங்கள் உள்ளே போகப் போக, சுவர் கொடியில் போட்ட ஈரச்சேலை மாதிரித் தொய்ந்து நீண்டது. எல்லோர் கையும் முழு நீளத்துக்கு விரிந்துவிட்டது. அதற்குமேல் போனால் அறுந்துவிடும். அறுந்தால் இடைவெளி. அதனால் மேஸ்திரி வெளியே காத்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து நடு நடுவே முழங்காலிட வைத்தார். அவர்கள் எப்படியும் அரைமணி நிற்கத்தான் வந்திருந்தார்கள்.

நான் செபமாலையைத் தொடங்கினேன், பத்துப் பத்து மந்திரமாக ஐந்து தடவை சொல்வது. செவ்வாய்க்கிழமை என்பதால் துயர மறையுண்மைகள். கை இரண்டும் பிடிபட்டிருந்ததால் மணி உருட்ட முடியவில்லை. பத்து ஆனதும் சிமியோன் என் சுண்டுவிரலை அமுக்கினார். தபால் எண்ணிப் பழகிய மனுஷர், ஒன்றுகூடத் தப்பவில்லை.

பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஜெசிந்தா அரைமணி முடிந்து உள்ளே வந்துவிட்டிருந்தாள். அவள்தான் எனக்குப் பின்னால் நடந்துகொண்டே சொல்லி வந்தாள். அம்மா, கொஞ்சம் இடது. அம்மா, அங்க ஒரு கல் துருத்திக்கிட்டிருக்கு. இப்ப நேரா வாங்க. நான் அந்தக் குரல் இருந்த பக்கம் போனேன்.

முதல் பத்து முடிகையில் டீக்கடை ஒன்று ஊருக்கு வெளியே ஆகிவிட்டது. அதன் பெஞ்சில் பாதி உள்ளே, பாதி வெளியே. வெளிப்பாதியில் உட்கார்ந்திருந்தவர் டீயைக் குடித்து முடித்து, உள்பாதியில் இருந்தவரிடம் என் தலைக்குமேலே டம்ளரை நீட்டினார். இரண்டாம் பத்தில் கோட்டைப் பராமரிப்பு அலுவலகமே வெளியே போயிற்று. அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போக வேண்டுமானால் ஊருக்குள் வர வேண்டும், ஊருக்குள் வர வேண்டுமானால் அரைமணி சுவராக இருக்க வேண்டும். அவர்களும் வரிசையில் முழங்காலிட்டார்கள். அலுவலர் ஒருவர் கோப்புக் கட்டு ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு கை கோத்தார். ஒரு வீட்டில் துணி காயப்போட்டிருந்தார்கள். சட்டைகள் ஊருக்குள்ளும் சேலைகள் ஊருக்கு வெளியிலும் காய்ந்தன.

மூன்றாம் பத்தில் என் முட்டி கிழிந்துவிட்டது. மேஸ்திரி குனிந்து பார்த்தார்.

"ரத்தம் வருதும்மா. போதும், நில்லுங்க."

"காரை உதிருது தம்பி. பழைய சுவத்துல உதிரத்தான் செய்யும்."

அவர் தலையை ஆட்டினார். வரிசையில் ஆள் தீர்ந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். மேஸ்திரி பெர்க்மான்ஸைப் பார்த்தார். அவன் தனக்கு ஏற்கெனவே அரைமணி முடிந்துவிட்டது என்றான், மூட்டுவலியையும் சொன்னான். மேஸ்திரி ரசமட்டத்தை அவன் தலையில் வைத்தார். குமிழி பழையபடி இடது பக்கம் ஓடியது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சொல்லி அவனை நடுவில் நுழைத்தார். அதற்குமேல் இன்னும் ஓர் ஆள் இடம் தேவைப்பட்டது. பேராலயத்து வாசலில் மேஸ்திரி தூக்குக்குண்டைக் கீழே வைத்துவிட்டு, தாமே முழங்காலிட்டுப் பெர்க்மான்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் மூன்று படி என்றாள் ஜெசிந்தா. பின்பக்கமாக முழங்காலில் படி ஏறுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஏறினேன். மரியபுஷ்பம் ஏறினாள். சிமியோன் இரண்டு தடவை சறுக்கி, மூன்றாவது தடவை ஏறினார். மூவரில் யாரும் கையை விடவில்லை.

உள்ளே தரை குளிர்ச்சியாக இருந்தது. மெழுகுதிரி வாசனை வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே சின்னதாகிக்கொண்டே போன வாசல்தான். அந்த வெளிச்சம் ஜன்னலளவு ஆகி, புத்தகமளவு ஆயிற்று. ஐந்தாம் பத்து முடியப் போகும்போது, இன்னும் ஆறடி என்றாள் ஜெசிந்தா. பிறகு நாலு. பிறகு ஒன்று. என் குதிகால் பீடத்தின் படியில் இடித்தது.

சொன்னபடி வந்துவிட்டேன் மாதாவே என்றேன்.

திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அப்போது வாசல் பக்கமிருந்து மேஸ்திரியின் செய்தி வந்தது. ஒருவர் அடுத்தவரிடம் சொல்லி, அவர் அடுத்தவரிடம் சொல்லி, ஓர் எழுத்துக்கூட மாறாமல் சிமியோன்வரை வந்து சேர்ந்தது. அவர் அதைத் தபால் கொடுப்பது மாதிரி என்னிடம் கொடுத்தார். சுவரின் முகம் வெளியே பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

"சுவரு எந்தப் பக்கம் பாக்குதோ அதுதான் வெளியேன்னு சொல்லுங்க."

சிமியோன் அதை அனுப்பினார். அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அங்கே மேஸ்திரி புத்தகத்தைத் தம் முன்னால் தரையில் விரித்து, மூக்கால் பக்கம் புரட்டி வாசித்துக்கொண்டிருப்பதாக இடையில் ஒரு தகவல் வந்தது. பிறகு பதில் வந்தது. சரிதானாம்.

திரும்பினேன். கையை விடாமல் திரும்ப வேண்டுமென்றால் ஒரு கைக்குமேல் இன்னொரு கையைக் குறுக்காகப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படியே எல்லோரும் திரும்பினார்கள். இரண்டு வளையங்கள்வரை சுவர் முழுவதும் திரும்பியது. கல்லும் பின்னாலேயே திரும்பியது, கொஞ்சம் தூசி எழுந்தது.

பீடத்தைப் பார்த்தேன். மாதா சொரூபம் பெரிதாக இல்லை. நம் வீட்டுப் பிள்ளை ஒன்று எழுந்து நிற்கிற உயரம். மரியபுஷ்பம் கழுத்தை நீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுக்கா பதினோரு வருசம்? ஆனா நல்லாத்தான் இருக்குக்கா."

சுவர் திரும்பிவிட்டதால் பீடமும் அதற்குப் பின்னாலிருந்த தெருக்களும் ஊருக்கு வெளியே ஆகிவிட்டன. எங்கள் முதுகுப் பக்கம் இருந்ததெல்லாம் ஊருக்குள் வந்துவிட்டது. டீக்கடை, மேற்கு வாசல் சாலை, ரயில் பாதை, இரண்டு நாள் நாங்கள் கடந்து வந்த ஊர்கள், எங்கள் ஊர் எல்லாமே. உள்ளூர்க்காரர்கள் சுவராக நிற்க வேண்டியதில்லை. பெர்க்மான்ஸ் கையெழுத்துப் போட்ட படிவத்தில் வெளியூரிலிருந்து வரும் தாய்மார் என்று அச்சடித்திருந்தது. மேஸ்திரி பீடத்துப் பக்கத்து ஆள் ஒருவரைத் தம் இடத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்து அதை என்னிடமே கொடுத்துவிட்டார். கோத்த கைகளை விடாமலே நான் அதை நாலாக மடித்துப் பீடத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுதிரியில் காட்டினேன். கோயில்பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மாலைப் பூசைக்கு ஆயர் ஆண்டகை முடியும் செங்கோலுமாக வெளிவந்தார். அவர் பீடத்துப் பக்கம் இருந்ததால் இப்போது வெளியூர்க்காரர். தம் அரண்மனைக்குப் போக வேண்டுமென்றால் அரைமணி நிற்க வேண்டும். எங்கே நிற்பது என்று கேட்டார். இங்கதான் சாமி என்று மரியபுஷ்பம் எழுந்து தன் இடத்தைக் காட்டினாள். அவருக்கு முழங்காலிட்டுப் பழக்கம் இருந்தது. மேஸ்திரி அவருடைய முடியின் மேலே ரசமட்டத்தை வைக்க முயன்றார், அது கூராக இருந்ததால் நிற்கவில்லை. பாடகர் குழுவும் அந்தப் பக்கத்துத் தெருக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து எங்களை விடுவித்துத் தாங்கள் கை கோத்துக்கொண்டார்கள்.

ஜெசிந்தாவும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் என் இடத்தில் அரைமணி முழங்காலிட்டாள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த அரைமணியும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள், ஆண்டகையின் செருப்பைப் பற்றி, பெர்க்மான்ஸ் முழங்காலிட்ட அழகைப் பற்றி. பேசாம இரு, கோயில் இது என்று ஒரு பெண் சொன்னாள். பேசட்டும் என்றேன்.

ஸ்டேஷனில் டிக்கெட் தர மறுத்துவிட்டார்கள். ஒரே ஊருக்குள் ரயில் விடுகிற வழக்கம் இல்லையாம். டவுன் பஸ் நாலாம் நம்பர் எங்கள் தெரு வழியாகப் போகும் என்று காட்டினார்கள். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மரியபுஷ்பமும் அதே பஸ்ஸில் வந்தாள், அவள் ஊர் எங்களுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால். இறங்கும்போது என் கையை ஒரு தடவை பிடித்து அமுக்கிவிட்டு இறங்கினாள்.

பெர்க்மான்ஸ் முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"இந்த மாசம் யார் வீட்லம்மா எறங்குறீங்க?"

"என் வீட்ல" என்றேன். கண்டக்டர் மணியை இழுத்தார்.

இன்னும் இருட்டவில்லை. தெருமுனையில் கடலோரம் புதிதாகப் பலகை வைத்திருந்தார்கள். ஊருக்குள் வந்துவிட்டதால் கடல் இனி நகராட்சிக் குளம். அலைகளை ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தார்கள். நாலு பக்கமும் படி கட்டுவதற்குக் கல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஓரத்தில் குந்தி முட்டியைக் கழுவிக்கொண்டு, ஒரு குடம் நல்ல தண்ணீர் மொண்டு வந்து உலை வைத்தேன்.